பாலு மகேந்திரா: 'வீடு' எடுத்த கை ஏன் 'நீங்கள் கேட்டவை' எடுத்தது?

தறிக்காரன்
நேற்று ராத்திரி 'வீடு' படத்தை மறுபடியும் பார்த்தேன், அப்புறம் தூக்கமே வரவில்லை. 1988ல் வந்த படம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், சுதா என்ற பெண் தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு வீடு கட்டப் படாதபாடு படுகிறாள், அவ்வளவுதான் கதை. இதை எடுத்தவர்தான் 1984ல் 'நீங்கள் கேட்டவை' எடுத்தார், 1985ல் ரஜினியை வைத்து 'உன் கண்ணில் நீர் வழிந்தால்' எடுத்தார். என் கட்சியை நேராகவே சொல்லிவிடுகிறேன்: பாலு மகேந்திரா தன் திறமையில் பாதியை வீணாக்கினார். 'அழியாத கோலங்கள்', 'வீடு', 'சந்தியா ராகம்' இந்த மூன்றும் அவர் படம். மற்றதெல்லாம் பிழைப்பு.

மேட்னி ஷோ
அப்போ 'மூன்றாம் பிறை' எந்தக் கணக்கில் வருகிறது? கமலுக்கும் அவருக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம், தியேட்டரிலும் மாதக்கணக்கில் ஓடிய படம். கேத்தி ஸ்டேஷனில் மழையில் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்து அழுத ஜனம் இது கலைப்படமா கமர்ஷியல் படமா என்று கேட்டுவிட்டா அழுதது? நீங்கள் போடும் கோடு அவர் படத்தில் இல்லை சார், உங்கள் மனதில்தான் இருக்கிறது.

தறிக்காரன்
கோடு படத்துக்குள்ளேயே இருக்கிறது. 'பொன்மேனி உருகுதே' எதற்கு? அந்த நேரத்தில் சில்க் ஸ்மிதா இருந்தால் படம் விற்கும், அதற்காக. அந்தப் பாட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், கதையில் ஒரு இழை அறுகிறதா?

மேட்னி ஷோ
அறும். சில்க் அதில் யார்? கமல் நடித்த சீனு வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரின் இளம் மனைவி, வயதான புருஷனோடு வாழ்பவள். அவள் ஆசையை மறைக்காமல் வந்து நிற்கிறாள், இவன் விலகுகிறான். இதே சீனுதான் குழந்தை மனதோடு இருக்கும் விஜியை, அதாவது ஸ்ரீதேவியை, தன் வீட்டில் ஒரு தப்பு நினைப்பில்லாமல் பார்த்துக்கொள்கிறான். அந்தப் பெண் கதையில் இல்லாவிட்டால் சீனுவின் கட்டுப்பாடு நமக்குத் தெரியவே வராது. பாட்டு கொஞ்சம் நீளம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வியாபாரத்துக்காக ஒட்டவைத்தது என்று சொல்வது அந்தப் பாத்திரத்துக்கே அநியாயம்.

மல்லிகை
இரண்டு பேரும் பாலு மகேந்திரா என்றால் சீனு, விஜி, சுதா என்றே பேசுகிறீர்கள். 'மறுபடியும்' (1993) பற்றி ஒரு வரி இல்லை. மகேஷ் பட்டின் 'அர்த்' படத்தின் ரீமேக்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் புருஷன் வேறொருத்தியிடம் போய்விட்டுத் திரும்பி வரும்போது வேண்டாம் என்று சொல்லி, காத்திருக்கும் நல்லவனிடமும் போகாமல், வேலைக்காரப் பெண்ணின் மகளை வளர்க்கத் தனியாகக் கிளம்பும் ரேவதியை எங்கள் ஊர் தியேட்டரில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தோம். என் அம்மா வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. 'சந்தியா ராக'த்தை எங்கள் தெருவில் எத்தனை பேர் பார்த்தார்கள்? பிழைப்புக்கு எடுத்த படம் என்று சொல்லி அந்த ரேவதியையும் தள்ளிவிடாதீர்கள், தயவுசெய்து.

தறிக்காரன்
அக்கா, 'மறுபடியும்' மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'ரெட்டை வால் குருவி', 'மறுபடியும்', 'சதி லீலாவதி' மூன்றிலும் ஒரு ஆண், இரண்டு பெண்கள். மூன்றும் வெளியிலிருந்து வந்த கதை. 'ஜூலி கணபதி'யும் அப்படித்தான். தன் மண்ணைப் பார்த்து 'வீடு' எழுதத் தெரிந்தவர் ஏன் அடுத்தவர் கதைக்குப் போக வேண்டும், இதுதான் என் ஆதங்கம்.

செங்கல் சூளை
வீடு கட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நாங்கள் கட்டும்போது எங்கள் கான்ட்ராக்டரும் சிமென்ட் மூட்டையை வெளியே தள்ளினார், ராத்திரியில் ஆட்டோவில் போனது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு சித்தாள் அம்மா, படத்தில் மங்கம்மா செய்கிற மாதிரியே. அதனால் 'வீடு' எனக்குப் படம் மாதிரியே இல்லை. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டுக்குள் தனியாக வந்து சுற்றிப் பார்ப்பாரே, அந்த மாதிரி என் அப்பாவும் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். சண்டை போடுங்கள், ஆனால் அந்தப் படத்தின் நெகட்டிவே இல்லை என்று பாலு மகேந்திரா மேடையில் வருந்திப் பேசியதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் பெரிய கோபம்.

மட்டுநகர்
மட்டக்களப்பு அமிர்தகழியிலே பிறந்த மனிசன், எங்கட ஊர்க்காரர் எண்டு சின்ன வயசிலேயே பெருமையாகச் சொல்லுவம். நான் சொல்ல வந்தது வேறு. அவர் முதலில் ஒளிப்பதிவாளர். பூனாவில் படித்து, 1974ல் 'நெல்லு' மலையாளப் படத்தில் தொடங்கி, மகேந்திரனின் 'முள்ளும் மலரும்', விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்' எல்லாம் அவர் கமெராதான். 'சங்கராபரணம்' கலைப்படமா, மசாலாப் படமா? அப்போதே இரண்டு பக்கமும் நிண்டு வேலை செய்தவர். இருக்கிற வெளிச்சத்திலே, கண்ணை உறுத்தாமல், முகத்தை முகமாகவே காட்டுகிற அந்தப் பார்வை 'சதி லீலாவதி'யிலும் மாறேல்லை. பருமனான மனைவியாக வாற கல்பனாவின் உடம்பை வைத்துச் சிரிக்க வைக்க வேண்டிய கதை அது. ஆனால் அவர் அழும்போது கமெரா அவரைக் கேலி செய்வதில்லை, பாருங்கோ.

தறிக்காரன்
கல்பனா பற்றி நீங்கள் சொன்னது சரி, அந்த இடத்தில் நான் தோற்றேன். 'உன் கண்ணில் நீர் வழிந்தால்' பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

மேட்னி ஷோ
அதை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் 'சந்தியா ராக'த்துக்குப் பணம் போட்டது யார்? தூர்தர்ஷன். அந்த மாதிரிப் படத்துக்கு அரசாங்கம்தான் வர வேண்டியிருந்தது. வருடத்துக்கு ஒரு 'வீடு' எடுத்திருக்கலாம் என்றால் யார் காசில்? 2013ல் 'தலைமுறைகள்' வந்ததே, எழுபது தாண்டிய வயதில் தானே தாத்தாவாக நடித்துப் பாட்டில்லாமல் எடுத்தது, தயாரித்தவர் சசிகுமார். கமர்ஷியல் படத்தில் ஜெயித்தவர் காசுதான் அங்கே கலையாக மாறியது.

தறிக்காரன்
நல்ல உதாரணம்தான். ஆனால் அது என் பக்கம் பேசுகிறது. 'சந்தியா ராகம்' 1989, 'தலைமுறைகள்' 2013. இடையில் 24 வருடம்.

மல்லிகை
அந்த 24 வருடத்துக்குள்தான் 'கதை நேரம்' வந்தது தம்பி. தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளை அரை மணி நேரப் படங்களாக டிவிக்கு எடுத்தார், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் பார்த்திருக்கிறேன். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லாரும் அவரிடம் இருந்து வெளியே வந்தவர்கள். எந்தக் கணக்கில் வீண் என்கிறீர்கள்?

தறிக்காரன்
'கதை நேர'த்தை மறந்தது என் தப்புதான் அக்கா, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'வீடு' எடுத்தவர் ஒரு சிறுகதையை மனசுக்குப் பிடித்தபடி எடுக்க டிவிக்குப் போக வேண்டியிருந்தது. அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.