நெடுந்தீவும் நயினாதீவும் ஒரே நாளில் இயலுமா? ஓகஸ்ட் மாதப் படகுப் பயணம் குறித்து உதவி தேவை

வினா – வெள்ளவத்தைவாசி

வணக்கம். நானும் எனது துணைவியாரும் கொழும்பில் பணிபுரிகிறோம். ஓகஸ்ட் முற்பகுதியில் கிடைக்கும் விடுமுறையில் யாழ்ப்பாணத் தீவகத்தை இயன்றவரை படகிலேயே சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். வியாழன் இரவு ரயிலில் கோட்டையிலிருந்து புறப்பட்டு, வெள்ளிக்கிழமை யாழ் நகரில் தங்கி, சனிக்கிழமை காலை குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குச் சென்று வழிபட்டு, அங்கிருந்து திரும்பியதும் நெடுந்தீவுக்குப் படகேறி, மாலைக்குள் யாழ்ப்பாணம் வந்து, ஞாயிறு இரவு ரயிலில் திரும்புவதாகத் திட்டமிட்டுள்ளோம்.

பயண முகவர் ஒருவர் இவை யாவும் ஒரே நாளில் முடியும் என்கிறார். நாங்கள் தங்கவிருக்கும் விடுதியின் உரிமையாளரோ, காற்றுக் காலத்தில் நெடுந்தீவுப் படகு நிறுத்தப்படவும் கூடும் என்கிறார். யாரை நம்புவது? துணைவியாருக்கு மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கச் சென்றபோது கடுமையான வாந்தி ஏற்பட்டதால், கடலின் நிலை குறித்தும் அறிய விரும்புகிறேன்.

பதில் – கொட்டாஞ்சேனைப் பயணி

தனியார் படகொன்றை நாள் முழுவதற்கும் வாடகைக்கு அமர்த்தினால் இரண்டு தீவுகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். செலவு கூடுதலாகும் என்பதைத் தவிர வேறு சிக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதில் – மாவிலித்துறையான்

மேலே பதிலளித்த நண்பர் மன்னிக்க வேண்டும். வாடகைப் படகுக்கும் அதே கடல்தான், அதே காற்றுதான். சிறிய படகு என்றால் ஆட்டம் இன்னும் அதிகமாக இருக்கும்.

தம்பி, நான் நெடுந்தீவில் பிறந்து இப்போது தெஹிவளையில் வசிப்பவன். உங்கள் திட்டத்தில் மாற்ற வேண்டியது தீவுகளின் வரிசையை. நயினாதீவுக்குப் படகுகள் பகல் முழுவதும் வந்து போய்க்கொண்டிருக்கும். கடப்பதற்குக் கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அதற்கான சேவைகள் சிலவே. அவையும் தீவு மக்கள் வைத்தியசாலைக்கும் அலுவலகங்களுக்கும் சந்தைக்கும் சென்று வருவதற்காக அமைந்தவை. ஆகவே காலைப் படகைத் தவறவிட்டு நயினாதீவில் நேரத்தைச் செலவிட்டீர்களானால், நெடுந்தீவில் கால்வைத்த உடனேயே திரும்பும் படகைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

காற்று பற்றிக் கேட்டீர்கள். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை வீசும். குறிகட்டுவானுக்குத் தென்மேற்கில் நெடுந்தீவு இருப்பதால், போகும் படகு காற்றையும் அலையையும் நேருக்கு நேர் எதிர்கொள்ள வேண்டும். திரும்பும்போது அவை பின்னாலிருந்து தள்ளும். அந்தக் கடல் ஆழம் குறைந்தது என்பதால் அலைகள் பெரிதாக உயராவிட்டாலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழுந்து படகை அடிக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் பொதுவாக வலுக்கும். நண்பகலுக்குப் பின் நெடுந்தீவுக்குப் புறப்படும் உங்கள் திட்டம், நாளின் மிகக் கடினமான நேரத்தில் மிகக் கடினமான திசையில் துணைவியாரை அழைத்துச் செல்லும் திட்டமாகும். விடுதி உரிமையாளர் சொன்னதே சரி.

நான் சொல்வது இதுதான்: சனிக்கிழமை காலை முதற் படகில் நேரே நெடுந்தீவுக்குச் சென்று அன்றிரவு அங்கேயே தங்குங்கள். சிறிய விடுதிகள் சில உள்ளன. முன்கூட்டியே தொலைபேசியில் பேசி வையுங்கள். தீவுக்குள் முச்சக்கர வண்டியை அமர்த்திக்கொள்ளலாம். பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒல்லாந்தர் காலக் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம் (பாவோபாப்) ஆகியவற்றை வெயிலுக்கு முன்பும் பின்பும் ஆறுதலாகப் பார்க்க முடியும். குதிரைகளைப் பார்க்க வேண்டுமானால் காலையும் மாலையும்தான் ஏற்ற நேரம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்த அவை, தெற்கேயுள்ள வெளிகளில் மேயும். பகலில் வந்து பகலிலேயே திரும்புபவர்கள், உச்சி வெயிலில் வெறும் தரையைப் பார்த்துவிட்டு நெடுந்தீவில் ஒன்றுமில்லை என்று சொல்லிச் செல்வதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது.

ஓகஸ்ட் வறண்ட காலம்; நல்ல தண்ணீருக்கு எப்போதும் தட்டுப்பாடு உள்ள தீவு என்பதால், குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பணமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவிடம் நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் உள்ளது. குதிரை பார்க்கும் அவசரத்தில் அதைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள்.

ஞாயிறு காலை திரும்பும் படகில் குறிகட்டுவான் வந்திறங்கினால், அப்படியே நயினாதீவுப் படகில் ஏறிவிடலாம். நாகபூசணி அம்மன் கோயிலில் நண்பகற் பூசையைக் கண்டு, அன்னதானமும் உண்டு, நாகவிகாரை என்ற பௌத்த விகாரையையும் பார்த்துத் திரும்ப அரை நாள் போதும்.

பதில் – காரைநகர்க்காரி

ஐயா கூறிய வரிசையே எனக்கும் சரியாகத் தோன்றுகிறது. ஆனால் ஞாயிறு இரவே ரயில் ஏறுவது ஆபத்தானது. காற்றினால் படகு நின்றுவிட்டால் தீவிலேயே இருக்க நேரிடும். பயணச்சீட்டைத் திங்கள் இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். படகு தடைப்படாவிட்டால் அந்தத் திங்கட்கிழமை வீணாகாது. ஸ்கூட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பொன்னாலைப் பாலத்தினூடாகக் காரைநகருக்கு வாருங்கள். கசூரினாக் கரை வடக்குப் பார்த்தது என்பதால், தெற்கே கடல் கொந்தளிக்கும் நாட்களிலும் அங்கே பெரும்பாலும் குளம் போல அமைதியாக இருக்கும்.

அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் கடந்து, வேலணை வழியாக யாழ்ப்பாணம் திரும்பலாம். ஸ்கூட்டரையும் பாதையில் ஏற்றிக்கொள்வார்கள். கடக்கும் வழியில் நீருக்கு நடுவே நிற்கும் கடற்கோட்டை தெரியும். பாதை திருத்த வேலைக்காக அடிக்கடி நிறுத்தப்படுவதால், புறப்படும் நாள் காலையிலேயே விசாரித்து அறிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: நல்லூர்த் திருவிழா 25 நாட்கள் நடைபெறும். உங்கள் நாட்கள் அதற்குள் வந்தால் யாழ் நகரில் அறை கிடைப்பது மிகக் கடினம். போயா எனும் முழுநிலா நாளில் நாகவிகாரைக்குத் தென்பகுதியிலிருந்து வரும் யாத்திரிகர்களால் குறிகட்டுவானில் நிற்கவும் இடமிராது. நாட்காட்டியைப் பார்த்த பின்னரே விடுமுறைக்கு விண்ணப்பியுங்கள்.

வினவியவர் – வெள்ளவத்தைவாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. திங்கள் இரவு ரயிலுக்கு மாற்றிவிட்டோம். முகவரிடம் வாடகைப் படகு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. துணைவியாரின் வாந்திக்கு என்ன செய்யலாம்? காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் செல்லும் கப்பலையும் இப்பயணத்தில் சேர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்கிறார்.

பதில் – பம்பலப்பிட்டி மருந்தாளர்

தம்பி, வாந்தியைத் தடுக்கும் மாத்திரை, குமட்டல் தொடங்கிய பின்பு விழுங்கினால் பெரிதாகப் பயன் தராது. எது அவருக்குப் பொருந்தும் என்பதை வைத்தியரிடம் கேட்டு, படகு புறப்படுவதற்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவற்றுட் பல தூக்கத்தை வரவழைக்கும் என்பதால், திங்கட்கிழமை ஸ்கூட்டரை அவர் ஓட்டுவதாக இருந்தால் அன்று மாத்திரை வேண்டாம். அந்தக் குறுகிய கடவைக்கு அது தேவையும் இராது. வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது, நிறைய உண்டும் ஏறக்கூடாது. படகின் முன்புறமே அதிகம் தூக்கிப் போடும். ஆகையால் நடுப்பகுதியில், காற்றுப் படும் இடத்தில் அமர்ந்து தொடுவானைப் பார்த்தபடி வரட்டும். தொலைபேசித் திரையைப் பார்க்கவே கூடாது.

பதில் – மாவிலித்துறையான்

நாகபட்டினக் கப்பல் 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16 அன்று மீண்டும் ஓடத் தொடங்கியது. அதில் ஏறினால் கடவுச்சீட்டு, விசா, சுங்கம் என்று அது வேறொரு நாட்டுக்கான பயணமாகிவிடும். கரையோரத்தைப் பார்ப்பதற்கு அது உதவாது. இம்முறை விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பாகவே குறிகட்டுவான் இறங்குதுறையில் நில்லுங்கள். உயிர்காப்பு அங்கியை அணியாமல் ஏறாதீர்கள். ஞாயிறு காலை திரும்பும் படகின் நேரத்தைப் போகும்போதே படகோட்டியிடம் கேட்டு, அன்றிரவு விடுதிக்காரரிடமும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.