பெரிய வாரத்துல, பாஸ்கா (ஈஸ்டர்) நாள்கள்ல பங்குக் கோயில் வேலை செஞ்சவங்க வாங்க: மனசை விட்டுப் போகாத ஒரு முகம்

தென்கடல் மகள்

2019 பெரிய வியாழன். அன்னைக்குத்தான் நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டும் வந்துச்சு. காலையில ஓட்டு வரிசை, சாயந்திரம் கோயில். இயேசு சீடர்கள் காலைக் கழுவின நினைவா ஃபாதர் பாதம் கழுவுற 12 பேரைச் சேர்க்கிற பொறுப்பு அந்த வருஷம் எங்க அன்பியத்துக்கு, அதாவது எங்க தெருக் குடும்பங்களோட செபக் குழுவுக்கு. 11 பேர் வந்து உக்காந்தாச்சு. ஒருத்தர் ஓட்டுப் போட்ட கையோட வெளியூர் கிளம்பிட்டாருன்னு பூசைக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது தெரியுது. பின்னாடி தூணோரம் ஒரு அக்கா இருந்தாங்க, கடல்ல பாசி எடுக்கப் போறவங்க. கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து நாற்காலியில உக்கார வச்சேன். "நான் எதுக்கு தாயீ"ன்னாங்க. "ஃபாதர் வந்து தண்ணி ஊத்துவாக, அவ்வளவுதான்க்கா"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

செம்பு பிடிச்சது நான்தான். முழங்கால்மேல வச்சிருந்த ஒவ்வொரு இடது கையிலயும் ஓட்டு மை, அது இன்னும் கண்ணுல நிக்குது. கடைசி ஆள் இந்த அக்கா. ஃபாதர் மண்டி போட்டதும் அவங்க காலை சேலைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. ஃபாதர் காத்திருந்தாரு. பாட்டு முடிஞ்சுபோய் பாடகற்குழு மறுபடி முதல்லேர்ந்து எடுத்தாங்க. எனக்குப் பதற்றம். "நீட்டுங்கக்கா, எல்லாரும் பாக்குறாங்க"ன்னுட்டேன். பக்கத்துல மைக் இருந்திருக்கு.

நீட்டுனாங்க. உள்ளங்கால் முழுக்கப் பாறை கிழிச்ச வெட்டு. சிலது ஆறி வெளுத்திருந்துச்சு, ரெண்டு மூணு இன்னும் வாய் திறந்தே இருந்துச்சு. சுண்டுவிரல்ல நகமே இல்லை. ஃபாதர் துடைச்சு முத்தம் வைக்கிறப்போ அந்த அக்கா அவரைப் பாக்கலை, என்னையப் பாத்தாங்க.

இப்பவும் கோயிலுக்கு வர்றாங்க, அதே தூண். என்கிட்ட நல்லாத்தான் பேசுறாங்க. முன்னாடி மட்டும் வர்றதில்லை. "எல்லாரும் பாக்குறாங்க"ன்னு நான் ஏன் சொன்னேன்?

மண்டபத்தான்

அக்கா, நம்ம வேலை ஒழுங்கா நடக்கணும்ங்கிற அவசரத்துல எதிர்ல நிக்கிற மனுசனைத் தொலைச்சிடுறோம். எனக்கும் அதான்.

2022 பெரிய வெள்ளி ஏப்ரல் 15. மீன்பிடித் தடைக்காலம் தொடங்குன நாளும் அதே. விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கிடக்கு. அது ரம்ஜான் மாசமும்கூட. ஏழைகளுக்கு உதவுற எங்க வின்சென்ட் தே பவுல் சபைதான் வருசா வருசம் பெரிய வெள்ளிக் கஞ்சி காய்ச்சுறது. பெரிய அண்டா பள்ளிவாசல் ஜமாத்தோடது, கேட்டா எப்பவும் குடுப்பாங்க. அந்த வருசம் அவங்களுக்கும் சாயந்திரம் நோன்புக் கஞ்சிக்கு அது வேணும். அதனால அண்டாவை வாங்கிட்டுப் போக ஒரு பாய் பதினோரு மணிக்கே வந்துட்டாரு. இங்க இன்னும் அரிசி வேகவே இல்லை. கிண்டிக்கிட்டிருந்த எங்க பையனுக்கு வெயில்லயும் புகையிலயும் தலை சுத்திருச்சு. பாய் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் துடுப்பை வாங்கினாரு. ஒரு மணி நேரத்துக்கு மேல கிண்டுனாரு.

இறக்கினதும் முதல் கிண்ணத்தை அவர்கிட்டதான் நீட்டுனேன். "முதல் கஞ்சி உங்களுக்குத்தான் பாய்." ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. தாடியிலேர்ந்து வேர்வை சொட்டுது. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு, "வீட்டுல பேத்தி இருக்கா தம்பி, தூக்குல ஊத்திக் குடுங்க"ன்னாரு. நானும் ஊத்திக் குடுத்துட்டேன். சந்தோசமா இருந்துச்சு எனக்கு.

மூணு மணி வழிபாட்டுல யோவான் எழுதின பாடுகளை வாசிச்சாங்க. "தாகமாய் இருக்கிறது"ங்கிற இடம் வந்ததும் எனக்கு உறைச்சுச்சு. அந்த மனுசன் விடியறதுக்கு முந்தி குடிச்ச தண்ணிதான். நெருப்புக்கு முன்னாடி அவ்வளவு நேரம் நின்னவருக்கு நான் கஞ்சியை மூக்குக்கு நேரா நீட்டியிருக்கேன். அவரு என்னையத் திருத்தலை, என் முகம் சுருங்கிறக் கூடாதுன்னு பேத்தியைச் சொல்லியிருக்காரு. முழங்கால் போட்டவன் அடுத்து எல்லாரும் எந்திரிச்சப்போ எந்திரிக்கலை.

ஓய்வு உபதேசியார்

மகளே, முதலில் ஒரு விஷயம். அந்தச் சகோதரியை உட்கார வைத்தது தவறே இல்லை. பாதம் கழுவும் சடங்குக்கு ஆண்கள் என்றே முன்பு திருப்பலிப் புத்தகத்தில் இருந்தது. 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் காலத்து ஆணை அதை மாற்றி, இறைமக்களில் யாரையும் தேர்ந்துகொள்ளலாம் என்றது. ஆண், பெண், இளையவர், முதியவர், நோயாளி எல்லாரும் அதில் அடக்கம். 12 பேர் இருந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. 11 பேரோடு நடத்தியிருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்தவர்களுக்குச் சடங்கின் பொருளை முன்கூட்டியே விளக்கவேண்டும் என்று அங்கேயே சொல்லியிருக்கிறது. கால்மணி நேரத்தில் கையைப் பிடித்து இழுத்ததில் பிழை அங்கேதான்.

என் அனுபவம் சின்னது. வியாழன் உன்னதங்களிலே கீதத்துக்கு அடிக்கும் மணி, சனி இரவு அதே கீதத்துக்குத்தான் மறுபடி ஒலிக்கும், நடுவில் மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவதுதான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பெரிய வெள்ளி விடியற்காலையில் எங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனார். கரைவலைக்காரர். அன்றைக்கு அடக்கத் திருப்பலியும் கிடையாது, செபம் சொல்லி அடக்கம் செய்யலாம். அவருடைய மனைவி கோயில் வாசலில் வந்து நின்று, "அவுகளுக்கு மணி கிடையாதா?" என்று கேட்டார். அழவில்லை, கேட்டார். நான் சட்டத்தைச் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் நானே கட்டையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் தெருவரைக்கும் தட்டிக்கொண்டு நடந்தேன். சனி இரவு மணிக் கயிற்றை இழுத்தபோது கை நிற்கவில்லை. போதும் உபதேசியாரே என்று சாமியார் ஆள் அனுப்பும்வரை இழுத்தேன். இருந்தாலும் அந்த அம்மா கேட்டபோது என் வாயில் முதலில் வந்தது சட்டம்தான்.

சரி, வேலை செய்கிற பிள்ளைகளுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன். பாதம் கழுவ நிற்பவர்களை ஒரு வாரத்துக்கு முன்னாலேயே வீட்டில் போய்ப் பாருங்கள். ஃபாதர் ஒருமுறை போய்ப் பேசினால் இன்னும் நல்லது. காலில் புண் இருக்கிறதா, சர்க்கரை நோய் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஆளுக்கு ஒரு துண்டு, ஒரே துண்டால் எல்லார் காலையும் துடைக்காதீர்கள். மைக்கை அந்த நேரத்தில் நிறுத்திவிடச் சொல்லுங்கள். கஞ்சிக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி போதும், பாசிப்பயறு சேர்த்தால் பசி தாங்கும், உப்பைக் கடைசியில் போடுங்கள். அண்டாவைக் கடன் வாங்கினால் விளக்கித் திருப்பிக் கொடுங்கள். பாஸ்கா மெழுகுதிரிக்கு எங்கள் கடற்கரையில் காற்றுதான் எதிரி. புதுத் தீயை வாசலுக்குத் தென்புறம் மூட்டாமல் சுவர் மறைவில் மூட்டுங்கள். திரியைக் காலையிலேயே ஒருமுறை ஏற்றி அணைத்து வையுங்கள், இரவில் உடனே பிடிக்கும். மெழுகுதிரியில் வருட எண்ணையும், முதலும் முடிவும் என்ற பொருளில் அகரம், னகரத்தையும் கீறும்போது டார்ச் அடிக்க ஒரு பையனை நிறுத்துங்கள். மக்கள் கொண்டுவருகிற தீர்த்தப் பாட்டில்களை முன்வரிசையில் குவிக்க விடாதீர்கள், வயசானவர்கள் இடறி விழுகிறார்கள்.

கச்சத்தீவு போய்வந்தவன்

உபதேசியார் ஐயா, மதிப்போட சொல்றேன். மெழுகுதிரி, தீர்த்தம் எல்லாம் சரி. தென்கடல் அக்கா கேட்டது வேற. அவங்க மனசுல இருக்கிறது அந்த முகம். அதுக்கு ஒரு வார்த்தை சொல்லாம துண்டுக் கணக்கு சொல்றீங்க.

என்னோடது 2019 ஈஸ்டர். அந்த மார்ச்சுலதான் அந்தோனியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போயிருந்தேன். இங்கேர்ந்தும் இலங்கையிலேர்ந்தும் ஆளுக வந்து ஒரே மணல்ல படுத்து எந்திரிக்கிற இடம் உலகத்துல வேற எங்க இருக்கு? எனக்குப் பக்கத்துல பாய் விரிச்சிருந்த குடும்பம் நீர்கொழும்பு. அவங்க வீட்டுப் பெரியவரு எனக்குச் சோப்பும் பிஸ்கட்டும் குடுத்தாரு, நான் பனங்கற்கண்டு குடுத்தேன். "ஈஸ்டருக்குப் போன் பண்ணுங்கோ"ன்னு நம்பர் எழுதிக் குடுத்தாரு. எந்தக் கோயிலுக்குப் போவாங்கன்னு நான் கேக்கலை.

ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை. தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம், வேலை இல்லாத வீடுகளுக்குப் பங்குல சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் குடுத்துக்கிட்டிருந்தோம். ஒரு வீட்டுல டிவி ஓடுது. கொழும்புல கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்புல சீயோன் சபை. பூசை நேரத்துல குண்டு வெடிச்சிருக்கு. கூரை ஓடெல்லாம் சிதறி, பெஞ்சுக்கு நடுவுல வானம் தெரிஞ்சுச்சு. பொட்டலம் வாங்க வந்த அம்மா கை நீட்டுனபடி நின்னாங்க, நான் குடுத்தபடி நின்னேன். ரெண்டு பேரும் டிவியவே பாக்குறோம். கீழ விழுந்த பொட்டலத்தைக்கூட யாரும் எடுக்கலை.

நம்பரைத் தேடி அடிச்சேன். மணி போச்சு, எடுக்கலை. மறுநாளும் மணி போச்சு. மூணாம் நாள் போன் அணைஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் கச்சத்தீவு போறப்ப எல்லாம் நீர்கொழும்புக்காரங்க யாராச்சும் தெரியுறாங்களான்னு பாப்பேன். பெரியவரோட பேரைக்கூட நான் கேட்டு வச்சுக்கலை. நம்பர் மட்டும் இன்னும் போன்ல இருக்கு, "சோப்பு ஐயா"ன்னு.

பாம்பன் பாலத்தடி

மண்டபத்தான் தம்பி, தெரியாம செஞ்சதுக்கு இவ்வளவு வருத்தம் வேண்டாம். பாய் தப்பா எடுத்திருக்க மாட்டாரு. எங்க பக்கம் நோன்புக் கஞ்சியை நம்ம வீடுகளுக்கும் குடுத்து அனுப்புவாங்க, நாம ஈஸ்டருக்கு அவங்களுக்குக் குடுத்து அனுப்புவோம். ஆனா ஒண்ணு, அன்னைக்கே போய்ச் சொல்லியிருக்கணும். இப்பவும் நேரம் போகலை.

மண்டபத்தான்

போனேன் அண்ணே. அன்னைக்கு சாயந்திரமே அண்டாவை நானே விளக்கித் தூக்கிட்டுப் போனேன். நோன்பு திறக்கப் போற நேரம், கூட்டம். வாசல்ல அவரு நிக்கிறாரு. வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரு முந்திக்கிட்டாரு: "பேத்தி முழுசையும் குடிச்சுட்டா தம்பி." அதுக்கு மேல நான் என்ன சொல்ல? பாங்கு சொல்லிட்டாங்க, ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில வச்சுட்டு உள்ள போயிட்டாரு. நமக்கும் ஒருவேளை மட்டும் சாப்பிடுற ஒருசந்தி நாள்தானே அன்னைக்கு. அங்கேயே நின்னு தின்னேன்.

பீடப்பையன்

இப்ப நான் பீடப்பையன் இல்லை, கல்யாணம் ஆயிருச்சு. ஆனா இது அப்ப நடந்தது. எந்தக் கரைன்னு சொல்லலை.

பாஸ்கா ராத்திரி மந்திரிச்ச புதுத் தீர்த்தத்தை எடுத்துக்கிட்டு அந்த வாரம் ஃபாதர் வீடு வீடா வருவாரு. வீடு முடிச்சுட்டுக் கரைக்குப் போய்ப் படகுகளுக்கும் தெளிப்பாரு. வாளி தூக்குறது நான். ஒரு ஆத்தா எங்க பின்னாடியே வந்துச்சு. அது மகனோட படகை இலங்கைக்காரங்க பிடிச்சு வச்சுக்கிட்டாங்க. ஆள் வந்துட்டாரு, படகு வரலை. படகு கட்டுற இடத்துல முளைக்குச்சி மட்டும் நின்னுச்சு, கயித்தோட. எல்லாப் படகுக்கும் தெளிச்சுட்டு ஃபாதர் திரும்பினாரு. "சாமி, எங்களோடது விட்டுப்போச்சு"ன்னுச்சு ஆத்தா. ஃபாதருக்கு முதல்ல புரியலை. அது முளைக்குச்சியைக் காட்டுச்சு.

அவரு புதுசா வந்த சாமியார், சின்ன வயசு. என்ன செய்யன்னு என்னையப் பாத்தாரு. எனக்குப் பன்னண்டு வயசு, நான் என்னத்தச் சொல்ல. அவரு செருப்பைக் கழட்டிட்டுத் தண்ணிக்குள்ள இறங்கினாரு, முழங்கால் வரைக்கும். படகு நின்னா அணியம் எங்க இருக்குமோ அங்கேர்ந்து தொடங்கிப் பின்தலை வரைக்கும், படகு நீளத்துக்கு நடந்து தெளிச்சாரு. ஆத்தா கூடவே நடந்துச்சு. "இன்னும் கொஞ்சம் சாமி, முப்பத்தி ரெண்டடி"ன்னுச்சு.

படகு திரும்பி வந்துச்சான்னு கேப்பீங்க. வரலை.

அந்த வெள்ளிக்கிழமைப் பூசையில வாசகம் யோவான் 21. ராத்திரி முழுக்க ஒண்ணும் கிடைக்காம விடியக்காலம் 153 மீன் பட்டது, கரையில கரிநெருப்பு மூட்டி அவர் சாப்பாடு வச்சிருந்தது. வருசா வருசம் பாஸ்கா வெள்ளிக்கு அதான் வரும். ஆத்தா முன்வரிசையில உக்காந்து கேட்டுக்கிட்டிருந்துச்சு. இப்பவும் அந்த வாசகம் வந்தா நான் வேற எதையும் கேக்குறதில்லை, அதோட முகத்தைத்தான் தேடுறேன். ஆத்தா போய்ச் சேர்ந்து நாளாச்சு.

ஓய்வு உபதேசியார்

கச்சத்தீவு தம்பி சொன்னது சரி. மகளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டேன். மகளே, அந்தச் சகோதரியிடம் ஒருமுறை நேராகப் பேசிப் பாருங்கள்.

தென்கடல் மகள்

பேசிட்டேன் ஐயா. நீங்க எல்லாரும் எழுதினதை வாசிச்சுட்டு நேத்து சாயந்திரம் போனேன். வாசல்ல பாசியைப் பரப்பிக் காயவச்சுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல உக்காந்து நானும் கொஞ்சம் உதறிப் போட்டேன். அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புக்கா, மன்னிச்சிருங்கன்னேன். "அதை இன்னுமா நெனச்சுக்கிட்டிருக்க"ன்னு சிரிச்சாங்க. இந்த வருசம் பாதம் கழுவ வர்றீங்களாக்கா, முன்னாடியே கேக்குறேன், ஃபாதரையும் கூட்டியாறேன்னேன்.

கொஞ்ச நேரம் பாசியில சிக்கியிருந்த சிப்பியை ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் போட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "கால் நல்லாருக்கிறவளாப் பாத்துக் கூப்பிடு தாயீ."