தொடர்கதையாக வந்தால் நாவல் இல்லையாமே!

காவிரிக்கரையான்:
நேற்று வளவன் 'தமிழில் படித்தே தீரவேண்டிய 12 நாவல்கள்' என்று ஒரு பட்டியல் போட்டார். பார்க்காதவர்களுக்காக: மோகமுள், புயலிலே ஒரு தோணி, ஒரு புளியமரத்தின் கதை, நாகம்மாள், 18வது அட்சக்கோடு, தலைமுறைகள், கடல்புரத்தில், கோபல்ல கிராமம், கோவேறு கழுதைகள். புதியவற்றில் சூல், செல்லாத பணம், நீர்வழிப் படூஉம். நல்ல பட்டியல்தான். ஆனால் அடியில் ஒரு வரி: 'பொன்னியின் செல்வன் எங்கே என்று யாரும் கேட்கவேண்டாம். வாராவாரம் பக்கம் நிரப்ப எழுதிய தொடர்கதை நாவல் ஆகாது.'

அந்த வரியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வளவன், உங்கள் பட்டியலில் முதல் பெயரே மோகமுள். தி. ஜானகிராமன் அதை எங்கே எழுதினார்? சுதேசமித்திரன் பத்திரிகையில், தொடராக. புத்தகமானது 1964இல். அப்படியானால் மோகமுள்ளும் நாவல் இல்லையா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

வளவன்:
மோகமுள் சுதேசமித்திரனில் வந்தது எனக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பதை முதலில் விடுங்கள். தொடராக வெளியானது வேறு, தொடர்கதையாக எழுதப்பட்டது வேறு. பாபுவும் யமுனாவும் ரங்கண்ணாவும் வாரக் கடைசியில் யாரையும் பதற வைப்பதற்காகப் படைக்கப்பட்டவர்கள் இல்லை. பொன்னியின் செல்வனில் எந்த அத்தியாயத்தின் முடிவையும் எடுத்துப் பாருங்கள். ஓர் அலறல், ஒரு காலடிச் சத்தம், இருட்டில் ஒரு கை. அடுத்த வாரம் இதழ் விற்கவேண்டும், அவ்வளவுதான்.

காவிரிக்கரையான்:
நான் கேட்டது ஒன்று, நீங்கள் சொல்வது ஒன்று. மோகமுள் தொடராக வந்ததா இல்லையா? வந்தது. முடிந்தது.

சரி, அலறல் என்கிறீர்களே, முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறீர்களா? ஆடிப் பதினெட்டு. வந்தியத்தேவன் குதிரையில் வீராணம் ஏரிக்கரையோரம் வருகிறான். மக்கள் கூட்டாஞ்சோறு கட்டிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஏரிக்கு 74 கணவாய், அதாவது தண்ணீர் பாயும் மதகு, என்று கேள்விப்பட்டவன், அவற்றை எண்ணிக்கொண்டே போகிறான். கொலை இல்லை, அலறல் இல்லை. சதி வருவது ஆறாவது அத்தியாயத்தில், 'நடுநிசிக் கூட்டம்'. வாசகனைப் பதற வைத்துத்தான் இதழ் விற்கவேண்டும் என்றால் அதைத்தானே முதல் வாரம் வைத்திருப்பார்? 1950இல் கல்கி அப்படி வைக்கவில்லை. வாசகனை முதலில் ஏரிக்கரையில் உட்கார வைத்தார்.

வளவன்:
நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். கணவாய் எண்ணுவதுதான் பக்கம் நிரப்புவது!

காவிரிக்கரையான்:
முதலில் அலறல் குற்றம். அலறல் இல்லை என்று காட்டினால் ஏரி குற்றம். கல்கி எதை எழுதினால்தான் உங்களுக்கு ஆகும்?

காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் அந்த 74 வெறும் எண் இல்லை. ஏரியில் தண்ணீர் நிற்கிறதா, மதகு திறந்தார்களா என்பதுதான் எங்கள் பக்கத்து வருஷக் கணக்கு. ஒரு ராஜ்யத்தின் செழிப்பை நீர் பாயும் வழிகளை வைத்துச் சொல்லியிருக்கிறார். உங்கள் பட்டியலில் இருக்கும் சூல் நாவலில் சோ. தர்மன் உருளைக்குடிக் கண்மாயை வைத்துச் சொல்வதும் இதைத்தான். அங்கே கண்மாய் இலக்கியம், இங்கே ஏரி பக்கம் நிரப்பலா?

மதுரைவாசகி:
நடுவில் ஒன்று கேட்கிறேன். 12 நாவலில் ஒன்றுகூடப் பெண் எழுதியது இல்லையே, இருவர் கண்ணிலும் அது படவில்லையா? ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு, 1964. மோகமுள் புத்தகமான அதே வருஷம். சிவகாமியின் பழையன கழிதலும், பாமாவின் கருக்கு, சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதை. எதுவும் நினைவுக்கு வரவில்லையா? 'படித்தே தீரவேண்டிய' என்று தலைப்பு வைக்க மட்டும் தைரியம் வருகிறது.

வளவன்:
12 என்று வைத்தால் சிலது விடுபடத்தான் செய்யும் அக்கா. கருக்கு தன்வரலாறு, நாவல் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு.

மதுரைவாசகி:
ஆண்கள் எழுதினால் தொடராக வெளியானாலும் நாவல். பெண் எழுதினால் வகைமைச் சந்தேகம் வந்துவிடும். புத்தம் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். நொடித்துப்போன குடும்பத்துப் பெண் லிஸியை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் அந்தப் பக்கங்களைப் படித்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். படிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

காவிரிக்கரையான்:
மதுரைவாசகி கேட்டதும் என் பக்கத்துக்குத்தான் பலம். லக்ஷ்மியையும் ராஜம் கிருஷ்ணனையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவை பத்திரிகைகள்தான். தொடர்கதையே ஆகாது என்றால், அந்தக் காலத்துப் பெண் எழுத்தில் பெரும்பகுதியைத் தூக்கி எறியவேண்டியதுதான்.

மதுரைவாசகி:
என் கேள்வியை உங்கள் சண்டைக்கு முட்டுக்கொடுக்க எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். நான் உங்கள் கட்சி இல்லை. பொன்னியின் செல்வனில் நந்தினியை எப்படி எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு நிறையச் சண்டை இருக்கிறது.

பொருநைத்தம்பி:
நான் 2022இல் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகம் வாங்கினேன். ஐந்து பாகத்தையும் முடித்தேன். அதற்கு முன் பாடப்புத்தகம் தவிர எதுவும் படித்ததில்லை. அதற்குப் பிறகுதான் கோபல்ல கிராமம் எழுதிய கி.ரா., அப்புறம் இமையம் என்று போனேன். எடுத்தவுடன் யாராவது என் கையில் 18வது அட்சக்கோட்டைக் கொடுத்திருந்தால் மூடி வைத்திருப்பேன். வளவன் அண்ணே, புதிதாக வருகிறவனுக்கு உங்கள் பட்டியலில் எந்தப் புத்தகம் வாசல்?

வளவன்:
படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்கள் எல்லாம் இலக்கியம் பேச ஆரம்பித்ததுதான் இந்த இரண்டு மூன்று வருஷத்துச் சங்கடம். வாசல் வேண்டுமா? கடல்புரத்தில் படியுங்கள். சின்ன நாவல். பிலோமிக் குட்டியும் குரூஸும் உங்களுக்குப் புரியாமல் போகமாட்டார்கள். வாசகனைக் குழந்தையாகவே வைத்திருக்க நினைப்பவர்கள்தான் கல்கியைக் கையில் கொடுப்பார்கள்.

பொருநைத்தம்பி:
கடல்புரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாவல். அதற்குள் போகும் துணிச்சல் எனக்கு வந்ததே பொன்னியின் செல்வனால்தான் என்கிறேன். 'குழந்தை' என்று சொன்னதை நினைவில் வைத்துக்கொள்கிறேன் அண்ணே.

பழையபேப்பர்:
எங்கள் வீட்டில் பெரியம்மா கல்கி இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பொன்னியின் செல்வன் இன்னும் இருக்கிறது. பைண்டு போட்டவர் ஓரத்தை ஒட்ட வெட்டியதில் பல வரிகளுக்குக் கடைசி எழுத்து இல்லை. மணியம் வரைந்த படங்கள் பழுப்பேறிவிட்டன. நடுவில் ஒரு வாரத்து இதழ் வீட்டுக்கு வரவில்லை போல. அந்த அத்தியாயத்தைப் பெரியம்மா பக்கத்து வீட்டில் வாங்கி, கோடு போட்ட நோட்டுத் தாளில் மையால் எழுதி, அதே இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறார். ஓர் அத்தியாயம் முழுக்கக் கையால். பக்கம் நிரப்பிய எழுத்தை யாராவது இப்படிப் படியெடுப்பார்களா?

வளவன்:
உணர்ச்சி வேறு, தரம் வேறு. பெரியம்மாவை வணங்குகிறேன். அதற்காக நாவலின் இலக்கணம் மாறாது.

காவிரிக்கரையான்:
அந்த இலக்கணம் என்ன என்று இதுவரை நீங்கள் சொல்லவே இல்லை! அடுக்கடுக்காகச் சொல்கிறேன், எண்ணிக்கொள்ளுங்கள். ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம், விவேக சிந்தாமணி இதழில் 1893 முதல் தொடராக வந்தது. ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள், தினமணி கதிரில் தொடர். 1972இல் சாகித்ய அகாதெமி விருது. அசோகமித்திரனின் கரைந்த நிழல்கள், தீபம் இதழில் தொடர். உங்கள் பட்டியலில் கோபல்ல கிராமம் இருக்கிறது, அதன் தொடர்ச்சியான கோபல்லபுரத்து மக்கள் இல்லை. ஏன்? அது ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பதாலா? 1991இல் கி.ரா.வுக்கு அகாதெமி விருது அதற்குத்தான். புளியமரத்தின் கதையில் சில அத்தியாயங்கள்கூட முதலில் சரஸ்வதி இதழில் வந்தவைதான்.

தமிழோடு நிறுத்துவானேன்? டால்ஸ்டாயின் அன்னா கரேனினா, தஸ்தயேவ்ஸ்கியின் கரமசோவ் சகோதரர்கள் இரண்டுமே ருஷ்ய இதழில் தொடராக வந்தவைதான். டால்ஸ்டாயும் பக்கம் நிரப்பினாரா? மோகமுள்ளுக்கு மட்டும் தனி நீதி ஏன்?

வளவன்:
தோற்றுப்போகிறவர்கள்தான் ருஷ்யாவுக்கு ஓடுவார்கள். கல்கியை டால்ஸ்டாய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள், போதும். தொடராக வெளியானது வேறு, தொடர்கதையாக எழுதப்பட்டது வேறு. இதை எத்தனை முறை சொல்வது?

காவிரிக்கரையான்:
எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னதால் அது உண்மையாகிவிடாது. எது எது என்று பிரிக்கும் ஆள் யார்? நீங்களா?

போன வருஷம் புத்தகக் காட்சி சமயத்தில் இதே ஆள் ஜெயமோகனின் வெண்முரசு பற்றி ஏழு பதிவு எழுதினார். 'தமிழின் பெருஞ்சாதனை' என்று. எனக்கும் அது சாதனைதான். ஆனால் வெண்முரசு என்ன? 2014 முதல் 2020 வரை இணையத்தில் நாள்தோறும் ஒரு பகுதியாக வந்து 26 நாவலாக நிறைந்தது. வாரத்துக்கு ஒன்று எழுதினால் பக்கம் நிரப்பல், தினமும் ஒன்று எழுதினால் சாதனையா? அன்றைக்கு நான் இதே கேள்வியைக் கேட்டேன், பதில் வரவில்லை. என்னைப் 'பழமைவாதி' என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மறக்கவில்லை.

வளவன்:
ஆக இது அந்தப் பழைய கணக்கு. அப்போதே தெரிந்தது, உங்கள் கோபம் கல்கிக்காக இல்லை. ஜெயமோகன் எந்த இதழின் விற்பனைக்காகவும் எழுதவில்லை. பழமைவாதி என்று சொன்னதை இப்போதும் சொல்கிறேன்.

யாழ்தேவி:
பொன்னியின் செல்வனோ மோகமுள்ளோ, நீங்கள் இருவரும் காவிரியைத் தாண்டவில்லை. 'தமிழில்' என்று தலைப்பு போட்டால் அதில் நாங்களும் அடக்கம். கே. டானியலின் பஞ்சமர் 1972இல் வந்தது. யாழ்ப்பாணத்துச் சாதிக்கொடுமையை அப்படி எழுதிய நாவல் வேறு எது? ஷோபாசக்தியின் கொரில்லா, 2001. இயக்கத்துக்குள் இருந்த பெடியனின் குரல் அது. ஒரு பெயர்கூட இல்லை. எங்கட எழுத்து உங்களுக்குப் போர் நடந்தபோது மட்டும்தான் தேவைப்பட்டது போல.

வளவன்:
ஈழ இலக்கியத்துக்குத் தனிப் பட்டியல் போடலாம் என்று இருந்தேன்.

யாழ்தேவி:
ஏன் தனி? பந்தியில் தனி இலை போடுகிற வழக்கத்தைத்தான் டானியல் எதிர்த்து எழுதினார்.

மதுரைவாசகி:
யாழ்தேவி சொன்னதற்கு ஒரு கும்பிடு. அடுத்து பெண்களுக்கும் 'தனிப் பட்டியல்' வரும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

பொருநைத்தம்பி:
பஞ்சமர் எங்கே கிடைக்கும் அக்கா? இன்னொன்று. என் தங்கைக்குப் பொன்னியின் செல்வன் சுருக்கப் பதிப்பு வாங்கிக் கொடுக்கலாமா? ஐந்து பாகம் என்றதும் பயப்படுகிறாள்.

பழையபேப்பர்:
தயவுசெய்து வேண்டாம் தம்பி. கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனபிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றாகிவிட்டது. நான் வாங்கிய ஒரு மலிவுப் பதிப்பில் பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப்பிழை, கடைசி முடிவுரையையே காணோம். கதை முடிந்தபிறகு யார் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்குக் கல்கி எழுதிய பதில் அது. சுருக்கத்தில் முதலில் போவது ஏரிக்கரைதான். வாங்கினால் முழுசாக வாங்கு, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்கு.

மதுரைவாசகி:
படிக்கிற பிள்ளையை ஏன் தடுக்கிறீர்கள்? சுருக்கத்தில் ஆரம்பித்து முழுசுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பழையபேப்பர்:
போகாமலே நின்றவர்களை எனக்கு அதைவிட அதிகம் தெரியும்.

காவிரிக்கரையான்:
சுருக்கம், ஈழம், பெண்கள் எல்லாம் பேசவேண்டியவைதான், தனியாகப் பேசுவோம். வளவன் இந்தச் சந்தடியில் நழுவப் பார்க்கிறார், விடமாட்டேன்.

செல்லாத பணம் பட்டியலில் இருப்பதில் எனக்கு முழுச் சம்மதம். தீக்காயப் பிரிவு வாசலில் ரேவதிக்காகக் காத்துக் கிடக்கும் அப்பாவின் பணம் எதற்கும் உதவாமல் போவதை இமையம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாவலின் மதிப்பு, எங்கே எந்த வடிவில் முதலில் அச்சானது என்பதில் இல்லை. மோகமுள்ளுக்கும் அப்படியே. பொன்னியின் செல்வனுக்கும் அப்படியே. நீங்கள் போட்ட அந்த ஒரு வரியை எடுங்கள். இல்லை, மோகமுள்ளை எடுங்கள். இரண்டில் ஒன்று.

வளவன்:
வரியும் இருக்கும், மோகமுள்ளும் இருக்கும். பட்டியல் என்னுடையது.

யாழ்தேவி:
தலைப்பில் 'தமிழில்' என்பதை எடுத்துவிட்டு 'எனக்கு' என்று போடுங்கள், பிரச்சினை இல்லை.

காவிரிக்கரையான்:
மோகமுள் சுதேசமித்திரனில் தொடராக வந்தது. இதற்குப் பதில் வரும்வரை தினமும் இதே வரியைப் போடுவேன்.

வளவன்:
போடுங்கள். தினமும் பக்கம் நிரப்புவது உங்களுக்குப் பிடித்த வேலைதானே.