டைம் ஓடுதும்மா!

ஊட்டிக்காரர்:
மே மாதம் வந்தால் கீழேயிருந்து பிள்ளைகளை இங்கே ஓட்டப் பயிற்சிக்குக் கூட்டி வருகிறார்கள். ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜன் குறைவு, இங்கே பழகினால் கீழே போய்ப் பறக்கலாம் என்று கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அதற்குப் பெரிய வீரர்களே வாரக்கணக்கில் தங்க வேண்டும். நான் பார்த்த அப்பாவோ முந்தின நாள் சாயங்காலம்தான் இ-பாஸ் எடுத்து மலை ஏறியிருக்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மகளைக் கோட்டில் நிறுத்திவிட்டார். பதினோரு வயது இருக்கும். மூன்றாவது சுற்றில் பிள்ளை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தது. அவர் கட்டை விரல் ஸ்டாப்வாட்ச் பொத்தான் மேலேயே இருந்தது, அமுக்கவில்லை. "டைம் ஓடுதும்மா!"

தண்ணீர் பாட்டிலோடு போய், "சார், இன்னிக்கு நடக்க மட்டும் விடுங்க" என்றேன்.
"நீங்க கோச்சா?"
வாக்கிங் வந்தவன் என்ன சொல்ல?

கோத்தகிரிக்காரர்:
அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. என் பையன் ஃபுட்பால் ஆடுவான், அப்போது பதிமூன்று வயது. முட்டி வலி என்றான். பயிற்சிக்குப் போகச் சோம்பல் என்று நினைத்து இரண்டு மாதம் விரட்டினேன். அப்புறம் அவன் வலி என்று சொல்வதையே விட்டுவிட்டான். காலுறையை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தான், பனிக்காலம் என்பதால் எனக்கும் உறைக்கவில்லை. ஒருநாள் குளிக்கும்போது பார்த்தால் முட்டிக்குக் கீழே எலும்பு நெல்லிக்காய் அளவு புடைத்திருக்கிறது. டாக்டர் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்றார். எலும்பு வேகமாக வளர்கிற வயதில் ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு, தசைநார் ஒட்டுகிற இடத்தில் இழுப்பு தாங்காமல் வீங்குமாம். ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தானே சரியாகும் என்றார். குறைத்தோம், சரியானது. என்னிடம் ஏன் மறைத்தான் என்று மட்டும் இன்றுவரை நான் கேட்கவில்லை.

இப்போது மேட்ச் என்றால் வெளியே டீக்கடையோடு சரி. இடைவேளையில் அவனே வந்து என் வர்க்கியில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போகிறான்.

குன்னூர்க்காரர்:
அண்ணா, அந்தப் பொண்ணு மறுநாள் வந்ததா?

ஊட்டிக்காரர்:
இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் படகு இல்லம் பக்கம் பார்த்தேன். பிள்ளை தழையோடு கேரட் கடித்துக்கொண்டிருந்தது, அப்பா குதிரைக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் அப்படியே தொங்கியது.