இழை: பிரவுன்ஃபேஸுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்

மடல் 1: தாராவியிலிருந்து

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

இந்தி, ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது என் பிழைப்பு. ஆனால் இந்த முறை சொல் கேட்பது வேலைக்காக இல்லை. திரையில் நிறம் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டு வாரமாக ஒரே வரியில் நிற்கிறேன்.

வெள்ளை நடிகர்கள் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு கறுப்பினத்தாராக நடித்ததை ஆங்கிலத்தில் பிளாக்ஃபேஸ் என்கிறார்கள். வெளுத்த நடிகர் பழுப்பு பூசிக்கொண்டு நம்மைப் போன்றவராக நடித்தால் பிரவுன்ஃபேஸ். இந்திப்படங்களைப் பற்றிப் பேசும்போதும் இப்போது அதே சொல்தான் புழங்குகிறது. உட்தா பஞ்சாப் (2016), சூப்பர் 30 (2019), பாலா (2019) என்று வரிசையாக இந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. பாலாவில் நாயகியின் பாத்திரமே நிறத்துக்காகக் கேலி செய்யப்படும் பெண். அந்தப் பாத்திரத்துக்கும் வெளுத்த நடிகையைப் போட்டு முகத்தைக் கறுக்கச் செய்தார்கள்.

வரைவில் 'பழுப்புமுகம்' என்று போட்டிருந்தேன். படித்த என் தம்பி, "இது என்ன வியாதிக்கா?" என்று கேட்டான். அடித்துவிட்டேன்.

சொன்னதும் புரிய வேண்டும். வினையாகவும் வர வேண்டும், 'அவர் அப்படிச் செய்தார்' என்று எழுத. உதவுங்கள்.

மடல் 2: டோம்பிவிலியிலிருந்து

அக்கா, வணக்கம். என் பரிந்துரை: கரிபூச்சு.

அமெரிக்காவில் இது தொடங்கியதே கரியில்தான். தக்கையைச் சுட்டு, அந்தக் கரியைக் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு மேடையேறினார்கள். 1830களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் அப்படி ஆடிப் புகழடைந்த பாத்திரத்தின் பெயர் ஜிம் குரோ. பின்னால் தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தாரை ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பொருளில் சுத்தம், 'கரி பூசினார்' என்று வினையும் தயார். மேலும் 'முகத்தில் கரி பூசுவது' என்றால் அவமானப்படுத்துவது என்று நம்மிடம் வழக்கே இருக்கிறது. அவமானமும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

மடல் 3: செம்பூரிலிருந்து

தங்கச்சி, நான் இருபது வருஷமாக நம் சங்கத்து நாடகங்களுக்கு முகம் எழுதுகிறவன். மேடையில் நாங்கள் பூசுவதை அரிதாரம் என்போம். அதை வைத்து கரிதாரம் என்று சொன்னால் என்ன? ஓரெழுத்துத்தான் மாறுகிறது. காதுக்கும் நன்றாக இருக்கிறது.

மடல் 4: தாராவியிலிருந்து

தம்பிக்கும் அண்ணாச்சிக்கும் நன்றி. இரண்டும் நாக்கில் நிற்கும் சொற்கள்தான். ஆனால் இரண்டிலும் கரி இருக்கிறது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏன் என்று சொல்ல, நடந்த ஒன்றை எழுதியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் சந்தில் ஒரு விளம்பரப் படம் எடுக்க வந்தார்கள். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். நான் மொழிபெயர்ப்புக்காகக் கூட இருந்தேன். தாராவிப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு நடந்து வந்து சிரிக்க வேண்டும், கதை அவ்வளவுதான். அந்தப் பெண்ணாக நடிக்க அந்தேரியிலிருந்து ஒரு மாடல் வந்திருந்தார். நல்ல பெண், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினார். ஆனால் தாராவிக்குப் 'பொருந்தாத' வெளுப்பு. அதனால் மேக்கப்காரர் எங்கள் வீட்டுத் திண்ணையில் தட்டை விரித்து நிறம் கலக்க ஆரம்பித்தார்.

கலந்தது சரியாக வரவில்லை. ஒரு முறை செம்மண்ணாகப் போயிற்று, இன்னொரு முறை சாம்பல் தட்டியது. பக்கத்து வீட்டுப் பெண் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது பத்தாவது படித்தாள். மேக்கப்காரர் அவளைக் கூப்பிட்டார். அவள் முழங்கையைப் பிடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பார்த்துப் பார்த்துக் கலந்தார். அவள் தோலில் ஒரு பொட்டு வைத்து, அது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் "பர்ஃபெக்ட்" என்றார். பிறகு ஸ்பாஞ்சால் அந்த நிறத்தை மாடலின் கழுத்திலிருந்து மேலே ஒற்றிக்கொண்டே போனார். கையிலும் பூசினார். உள்ளங்கையும் காதின் பின்புறமும் பழையபடியே இருந்தன.

பத்தாவது படித்தவளுக்கும் அன்று ஒரு வேலை கிடைத்தது. பின்னால் குழாயடியில் நிற்கும் கூட்டத்தில் ஐந்தாவது ஆள். இரண்டாவது டேக் முடிந்ததும், கேமராவில் முகமே தெரியவில்லை, ரொம்ப டார்க் என்று அவளை ஓரமாகப் போகச் சொன்னார்கள்.

அவளுடைய நிறம் வேண்டும், அவள் வேண்டாம். நான் சொல் தேடுவது இதற்குத்தான்.

இப்போது 'கரிபூச்சு' என்று எழுதினால் என்ன ஆகும்? திண்ணையில் கலந்தது கரி என்று ஆகும். அது அவள் கை நிறம். 'அவமானமும் சேர்ந்தே வந்துவிடுகிறது' என்று தம்பி எழுதியது உண்மை. ஆனால் அந்த அவமானம் பூசியவர் மேல் விழாமல் நிறத்தின் மேல் விழுகிறது. கறுப்பு என்றால் கறை என்று நினைக்கும் பழக்கத்தை எதிர்க்க ஒரு சொல் செய்துவிட்டு, அந்தப் பழக்கத்தையே சொல்லுக்குள் பூட்டிவைப்பதா? என்னால் முடியாது.

இது இந்திக்காரர்கள் நமக்குச் செய்த கொடுமை என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வடக்கிலிருந்து வெளுத்த நாயகியை அழைத்துவந்து, கிராமத்துப் பெண் வேடம் என்றால் அவருக்குக் கறுப்பு பூசுவது தமிழ்ப்படத்திலும் உண்டு. கறுத்த நகைச்சுவை நடிகரை நிறத்தைச் சொல்லியே அடிப்பதும் உண்டு. சேட்டு என்றால் "நிம்பள் நம்பள்" என்று பேச வைத்தவர்களும் நாம்தான். சொல் பிறந்தால் நமக்கும் சேர்த்தே பிறக்கட்டும்.

மடல் 5: மாட்டுங்காவிலிருந்து

அன்புள்ள அம்மா,

மாநகராட்சித் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். அந்தக் குழந்தையின் கை கண்ணை விட்டுப் போகவில்லை.

முதலில் கரிதாரம். அரிதாரம் என்பது அரி + தாரம் அல்ல. ஹரிதாளம் என்ற வடசொல் தமிழில் அப்படித் திரிந்தது. மஞ்சள் நிறத் தாதுப்பொருள் அது. முகப்பூச்சுக்குப் பயன்பட்டதால் பூச்சுக்கே பெயராயிற்று. அதில் 'அ' எடுத்து 'க' வைத்தால் எஞ்சும் 'தாரம்' பொருளில்லாமல் தொங்கும், அல்லது மனைவி என்று பொருள்படும். அண்ணாச்சி வருந்தக் கூடாது.

கரி வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். 'பழுப்பு' கூட வேண்டாம், அது காய்ந்த இலைக்கும் பழைய தாளுக்கும் சொல்வது. பிரவுன் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் நம் தோலுக்கு நம்மிடமே மாநிறம் என்ற அழகான சொல் இருக்கிறது. சங்கப் பாட்டில் தலைவியின் அழகு மாமைக் கவின். மாந்தளிரின் நிறம் என்றும் கருமை என்றும் உரைகாரர்கள் சொல்வார்கள். பிரிவில் வாடி அந்த நிறம் வெளுத்தால் அதற்குப் பசலை என்று பெயர். குறுந்தொகை 27இல் வெள்ளிவீதியார் வருந்துவதும் தன் மாமையைப் பசலை தின்கிறதே என்றுதான். வெளுப்பு நோய், மாமை அழகு. அப்படி இருந்த மொழியில்தான் இன்று மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' கேட்கிறோம். 1975இல் வந்த சிவப்பழகு கிரீம் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை நீக்கவே 2020 ஆயிற்று.

ஆகவே மாநிறம் என்ற சொல்லைக் குற்றத்தின் பெயரில் கட்டிப்போடுவதும் கூடாது. குற்றம் நிறத்தில் இல்லை, வேடத்தில் இருக்கிறது. மாறுவேடம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் ஒன்று உண்டு. அந்த வாய்பாட்டில் நிறவேடம் என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். மகர ஈறு கெட்டுப் புணர்கிறது, இலக்கணத்துக்குக் குறையில்லை. நிறவேடம் பூண்டார், நிறவேடம் கட்டினார் என்று வினையும் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் 1960களில் பம்பாய் வந்தவன். பால் தாக்கரேயின் மார்மிக் என்ற மராத்தி வார இதழில் கேலிச்சித்திரங்களோடு, பெரிய வேலைகளில் இருந்த வெளியாட்களின் பெயர்ப்பட்டியலும் வந்த காலம். 1966இல் சிவசேனை பிறந்தது. வேட்டி கட்டி வெளியே போனால் "லுங்கி ஹடாவ்", அதாவது லுங்கியை விரட்டு என்று முதுகுக்குப் பின்னால் குரல் வரும். நாம் பேசுவதை "யண்டு குண்டு" என்பார்கள். 1968இல் படோசன் என்ற இந்திப்படம் வந்தது. அதில் மெஹ்மூத் தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வருவார், ஐயோ ஐயோ என்று. நான் அலுவலக நண்பர்களோடு போனேன். கொட்டகை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் நல்ல நடிகர், அந்தப் பாட்டும் நல்ல பாட்டு. ஆனால் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது யாரோ ஒரு பையன் என் நெற்றியைப் பார்த்து அதே ஐயோவைச் சொன்னான். அன்று இரவு ஊருக்குக் கடிதம் எழுதும்போது நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அதற்கு என்ன பெயர் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மடல் 6: செம்பூரிலிருந்து

வாத்தியார் ஐயா, கரிதாரத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வருத்தமில்லை.

ஆனால் நிறவேடத்துக்கு ஒரு தடை சொல்கிறேன். வேடம் என்பது எங்களுக்குச் சோறு போட்ட சொல். கூத்தில் வேடம் கட்டுவதற்கு முன் சாமி கும்பிடுகிறோம். முகத்தில் சிவப்பும் பச்சையும் எழுதுகிறோம், அதுவும் நிறம்தான். நாளைக்கு ஒரு பையன் வந்து, "அண்ணாச்சி, நீங்கள் செய்வதும் நிறவேடமா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

மடல் 7: தாராவியிலிருந்து

அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

கூத்தில் எழுதும் பச்சையும் சிவப்பும் எந்த மனிதனின் தோலும் இல்லை. அந்தப் பச்சையைப் பார்த்துத் தெருவில் யாரையும் யாரும் விரட்ட மாட்டார்கள். நிறவேடம் என்பது உயிரோடு இருக்கும் ஒரு கூட்டத்தாரின் தோலை எடுத்துப் போட்டுக்கொள்வது. அதிலும் அந்தக் கூட்டத்தாருக்கு மேடையில் இடம் கொடுக்காமல் போட்டுக்கொள்வது. கட்டுரையில் இந்த வரையறையை முதல் பத்தியிலேயே வைத்துவிடுகிறேன், கூத்துக் கலைஞர்கள் மேல் பழி வராது. 'வேஷம் போடுகிறான்', 'வேடதாரி' என்று அந்தச் சொல்லுக்கு நாம் ஏற்கெனவே இன்னொரு முகமும் கொடுத்திருக்கிறோம். இந்த இடத்தில் அந்த முகம்தான் பேசும்.

வேடம் என்ற சொல்தான் வேண்டும் என்று என்னை முடிவு செய்ய வைத்தது ஒரு மனிதரின் கதை. பெர்ட் வில்லியம்ஸ், பஹாமாவில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 1910இல் நியூயார்க்கின் பெரிய வெள்ளை நாடகக் குழுவில் இடம் பிடித்தவர், அன்றைய அமெரிக்காவின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர்களில் ஒருவர். அவரும் கரி பூசிக்கொண்டுதான் மேடையேறினார். கறுப்பின மனிதர், தன் முகத்தின் மேல் கறுப்பு பூசிக்கொண்டு. சபை பார்க்க விரும்பியது கறுப்பரை அல்ல, கறுப்பர் என்று தான் வரைந்து வைத்திருந்த பொம்மையை. உண்மை முகத்தோடு வந்தவருக்கும் அந்தப் பொம்மையை மாட்டித்தான் விட்டார்கள். கரிபூச்சு, கறுப்புமுகம் என்ற சொற்களால் இவர் கதையைச் சொல்லவே முடியாது. 'தன் நிறத்துக்கே நிறவேடம் கட்ட வேண்டியிருந்தது' என்று எழுதினால் விளங்குகிறது.

ஐயா சொன்ன படோசன் பற்றி: அங்கே அடிபட்டது தோலை விடப் பேச்சு. 1990இல் வந்த அக்னிபத்தில் மிதுன் சக்கரவர்த்தி நடித்த இளநீர் விற்கும் கிருஷ்ணன் ஐயரும் அப்படித்தான். இதற்கு குரல்வேடம் என்று தனியாக வைத்துக்கொள்ளலாமா? அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் தி சிம்ப்சன்ஸில் அப்பு என்ற இந்தியக் கடைக்காரருக்கு ஹாங்க் அசாரியா என்ற வெள்ளை நடிகர் முப்பது வருடம் குரல் கொடுத்தார். எதிர்ப்பு கிளம்பி, 2020இல் இனிக் கொடுக்க மாட்டேன் என்று விலகினார். அங்கே மேக்கப்பே இல்லை, வரைந்த உருவம். குரல் மட்டும்தான் வேடம். எனக்கே ஒரு முறை, தமிழ்ப் பாத்திரம் பேசும் ஒவ்வொரு வரியிலும் 'ஐயையோ' சேர்த்துக் கொடுங்கள் என்று வேலை வந்தது. நான் சேர்க்கவில்லை. அடுத்த வேலை வரவில்லை. இதை இந்த இழையிலேயே தீர்க்க வேண்டாம், தனி இழையாகத் தம்பி தொடங்கட்டும்.

டோம்பிவிலித் தம்பிக்கு ஒன்று: பிளாக்ஃபேஸுக்கும் பிரவுன்ஃபேஸுக்கும் தனித்தனிச் சொல் வேண்டாமா என்று தனிமடலில் கேட்டிருந்தாய். வேண்டாம் என்றே நினைக்கிறேன். யார் நிறத்தை யார் பூசினார் என்பது வாக்கியத்தில் வந்துவிடும்.

நேற்று இரவு வரைவை அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். இப்போது சயானில் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறாள். அர்த்தம் எதுவும் நான் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் முதல் இரண்டு பக்கம் படித்தாள். பிறகு முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அக்கா, அன்னைக்கு என் கையை வச்சுப் பாத்தது அந்தப் பொண்ணுக்கு நிறவேடம் கட்டத்தானா?"

கட்டுரையை வியாழக்கிழமை அனுப்புகிறேன். ஐயா, உங்கள் பஸ் நிறுத்தத்து நிகழ்ச்சியைப் பெயரில்லாமல் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும்.