காசிமேட்டு நிழற்குடையை மாற்றும்போது கூடை இறக்கும் திட்டைக் காக்க வழி உண்டா?

கடலோரவாசி:
காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்கு அருகில் உள்ள எங்கள் பேருந்து நிறுத்தத்தில், தெருமக்கள் கூடிப் பேசி, சுண்ணாம்புப் பொடியால் தரையில் அளவு குறித்து எழுப்பிய நிழற்குடை ஒன்று இருக்கிறது. உப்புக்காற்றில் கூரைத் தகடு அரித்துச் சல்லடையாகிவிட்டதால், அதை அகற்றிவிட்டு எஃகு நிழற்குடை வைக்கப்போவதாகச் சொல்லி, சென்ற வாரம் மாநகராட்சியிலிருந்து வந்து அளவெடுத்துச் சென்றார்கள். புதியது வேண்டாம் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் கவலையெல்லாம் இடதுபுறத் தூணை ஒட்டி, நான்கரை அடி உயரத்தில் கடப்பைக் கல் பதித்த திட்டைப் பற்றியதுதான். விடியற்காலையில் ஏலத்தில் எடுத்த மீனைத் தலையில் சுமந்து வரும் பெண்கள், யாரும் கைகொடுக்காமலே கூடையை அதில் இறக்கிவைத்துவிட்டு, பேருந்து வந்ததும் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு தலைக்கு ஏற்றிக்கொள்வார்கள். பழைய சுமைதாங்கிக் கல்லை நினைவில் வைத்து ஒரு பாட்டி கேட்டு வாங்கிய திட்டு அது. புதிய வரைபடத்தில் அதற்கு இடமில்லையாம். என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். மதிப்பீட்டில் ஏறாத ஒன்றை ஒப்பந்ததாரர் கட்டித்தர மாட்டார். வாய்மொழியாகச் சொல்லாமல், திட்டின் நீளம், அகலம், உயரம் குறித்த கைவரைபடத்தோடு மாமன்ற உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வரைபடத்தைக் காட்ட மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஆவணத்தை நேரில் பார்வையிடவே கேட்கலாம். உயரத்தை எங்கிருந்து அளந்தீர்கள், நிழற்குடைத் தரையிலிருந்தா, சாலையிலிருந்தா? இது முக்கியம். எஃகைப் பொறுத்தவரை, கடலுக்கு இவ்வளவு அருகில் 304 தரத் துருப்பிடிக்காத எஃகும் கறைபிடித்துக் குழிவிழும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 தரத்தைக் கேளுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

மீன்காரம்மா மகள்:
என் அம்மா முப்பது ஆண்டுகள் கூடை சுமந்தவர். திட்டு என்றவுடன் நாற்றம், அழுக்கு என்று மறுப்பார்கள். ஆகவே மீன் தண்ணீர் வடிய ஒரு காடியும், அது மழைநீர் வடிகாலுக்குப் போகாமல் கழிவுநீர்க் குழாயில் சேர ஏற்பாடும் மனுவிலேயே இருக்கட்டும். முனைகளை உருட்டிவிடச் சொல்லுங்கள், கூர்முனை பிரம்புக் கூடையைக் கிழித்துவிடும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்கவும் மறக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேருந்து நிறுத்தங்களையும் குறிப்பிடுகிறது.

கடலோரவாசி:
ஐயா, உங்கள் கேள்விக்குப் பிறகு இன்று காலை டேப் வைத்து அளந்தோம். நிழற்குடைத் தரையிலிருந்து நான்கரை அடிதான். ஆனால் பெண்கள் நின்று இறக்குவது சாலையில். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால், அங்கிருந்து இப்போது நான்கடிக்கும் குறைவு. எல்லோரும் ஏன் குனிந்து இறக்குகிறார்கள் என்பது எங்களுக்கு இன்றுதான் விளங்கியது. அக்கா சொன்ன காடியையும் சேர்த்து, சாலை மட்டத்திலிருந்து அளவு குறித்துத் திங்கட்கிழமை மனு கொடுக்கிறோம்.