ஆச்சி வீடு (17 பேர்)

வெள்ளிக்கிழமை

காலை 9:06
பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வர வேண்டும். படமும் வாசகமும் இன்று 5 மணிக்குள் கடையில் கொடுக்க வேண்டும். முத்து போகிறான். நல்ல படம் யாரிடம் இருக்கிறது?

சித்தி: 🙏

அனு: குற்றாலத்தில் சிரிக்கிற படம். 2019. ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும்போது எடுத்தது

செல்வி அத்தை: அதேதான். மூக்குத்தி மின்னும்

பெரியப்பா: நினைவஞ்சலிக்குச் சிரிக்கிற படமா? ஆதார் கார்டு படம் இருக்கிறதே

செல்வி அத்தை: அண்ணே, அதில் அம்மா களவாணி மாதிரி இருக்கிறாள்

முத்து: 😂😂

பெரியப்பா: சரி. அனு, அனுப்பு

அனு: என் பழைய போன் தொலைந்தாயிற்றே பெரியப்பா. ஒரிஜினல் நம் படங்களைச் சேர்த்து வைக்கும் கார்த்தியின் சர்வரில்தான். என்னிடம் இருப்பது அப்போது இந்தக் குழுவில் போட்டது

அனு: [படம்]

முத்து: இது 90 கேபி. வாட்ஸ்அப் படம் கொண்டுவராதே என்று கடைக்கார அண்ணன் நேற்றே சொல்லிவிட்டார். முகம் கட்டம் கட்டமாக வருமாம்

பெரியப்பா: ஏலே கார்த்தி

பெரியப்பா: ஏலே

காலை 9:34
கார்த்தி: ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறது பெரியப்பா. 4 எம்பி. ஒரே ஒரு சிக்கல். இன்று எங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு. 9 மணிக்குக் கரண்ட் போய்விட்டது, 5 மணிக்குத்தான் வரும். சர்வர் வீட்டில், நான் ஆபீசில்

முத்து: 5 மணிக்குக் கடை கணக்கு முடிந்தது

சித்தி: இன்வெர்ட்டர் இல்லையா

கார்த்தி: இருக்கிறது சித்தி, அந்த அறை பிளக் பாயின்ட் அந்த லைனில் இல்லை. சர்வர் என்றால் என் பழைய லேப்டாப்தான். அதன் பேட்டரியே யுபிஎஸ் மாதிரி தாங்கும் என்றுதான் அதை வைத்தேன். இரண்டு வருடம் தாங்கியது. ஜனவரியில் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பிவிட்டது, கழற்றிப் போட்டேன். புதிது வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று...

திவ்யா: நான் சொன்னேன்

பெரியப்பா: கூகுளிலேயே விட்டிருந்தால் இந்த வம்பே இல்லை

கார்த்தி: ஏன் மாற்றினோம் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது பெரியப்பா. 2021 ஜூன் 1 வரை கூகுள் போட்டோஸில் கொஞ்சம் தரம் குறைத்து எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாகப் போடலாம். அன்றோடு அதை நிறுத்தினார்கள். அப்புறம் மெயில், டிரைவ், படம் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். முதலில் நிரம்பியது உங்களுக்குத்தான், குட்மார்னிங் படமாகவே. மெயில்கூட வராமல் நின்றது. அப்போதுதான் நெக்ஸ்ட்கிளவுட் என்ற சாப்ட்வேரை என் லேப்டாப்பில் போட்டேன், பிறகு இம்மிச் என்ற இன்னொன்றுக்கு மாறினேன். இரண்டுக்கும் காசு கிடையாது. போனில் எடுத்த படம் நேராக நம் வீட்டு டிஸ்க்கில் ஏறும். முகம் பார்த்துப் பிரிக்கிற வேலைகூட அந்த லேப்டாப்பிலேயே நடக்கும், ஒரு படமும் வெளியாள் கைக்குப் போகாது. இப்போது 41,000 படம் இருக்கிறது. தாத்தா ஆல்பம் ஸ்கேன் பண்ணியதும் சேர்த்து

முத்து: இதைப் படித்து முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிடும்

சித்தி: போனில் மேலே ஒரு குட்டிச் சாவி தெரியுமே, அதுவா

கார்த்தி: அது டெயில்ஸ்கேல் சித்தி. எங்கள் நெட் இணைப்பில் வீட்டுக்கென்று தனி ஐபி, அதாவது நெட் முகவரி, கிடையாது, பல வீட்டுக்குச் சேர்த்து ஒன்று. வெளியில் இருந்து ஆள் வந்தால் எந்த வீட்டுக் கதவு என்று தெரியாது. அதனால் உங்கள் போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் தனிப்பாதை ஒன்று

பெரியப்பா: அந்தச் சாவி இருந்தால் பேங்க் ஆப் திறக்க மாட்டேன் என்கிறது. எடுத்துவிட்டேன்

கார்த்தி: எப்போது?

பெரியப்பா: தீபாவளிக்கு முன்னால்

கார்த்தி: அப்போ தீபாவளியில் இருந்து உங்கள் படம் ஒன்றுகூட ஏறவில்லை!

திவ்யா: எங்கள் வீட்டில் விளம்பரம் வரக்கூடாது என்று பை-ஹோல் போட்டார். என் அம்மாவுக்கு டிவியில் சீரியல் நின்றுபோனது

கார்த்தி: அது தடுத்த ஒரு இணைய முகவரியை விட்டுக்கொடுத்ததும் சரியாகிவிட்டதே

திவ்யா: மூன்று நாள் கழித்து

காலை 10:20
பெரியப்பா: படம் வரும்போது வரட்டும். வாசகம் பாருங்கள். "எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆயினும் உங்கள் நினைவு நீங்கவில்லை. இப்படிக்கு மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள்."

செல்வி அத்தை: மகள்?

செல்வி அத்தை: ஒருத்திதான் இருக்கிறேன்

பெரியப்பா: விட்டுப்போய்விட்டது. மக்கள் என்று போட்டால் எல்லாரும் அடக்கம்

செல்வி அத்தை: 2009 கல்யாணப் பத்திரிகைக்கும் இதே பதில்தான்

சித்தி: இப்போது எதற்கு அது எல்லாம்

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை: படித்துவிட்டேன்

காலை 10:41
கார்த்தி: ஒரு வழி இருக்கிறது. எதையும் மூன்று பிரதி வைக்க வேண்டும், ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். அந்த வேற்றூர் டிஸ்க்கைப் பொங்கலுக்கு வந்தபோது பாளையில் பெரியப்பா பீரோவில் வைத்தேன். கறுப்பாக, சோப்புக் கட்டி அளவு

பெரியப்பா: அதுவா? நகை என்று நினைத்து உன் பெரியம்மா லாக்கரில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்

முத்து: வந்து எடுத்துக்கொள்கிறேன்

காலை 11:48
முத்து: கடை கம்ப்யூட்டரில் போட்டாச்சு. ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. ஆம் கொடுக்கவா?

கார்த்தி: வேண்டாம்

கார்த்தி: தொடாதே

கார்த்தி: முத்து கையை எடு

கார்த்தி: போனை எடு

முத்து: கொடுக்கவில்லை அண்ணே. நீங்கள் கத்திய கத்தில் கடைக்கார அண்ணன் வயரையே பிடுங்கிவிட்டார்

கார்த்தி: டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்தது. லினக்சில் பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். விண்டோசுக்கு அதில் ஒன்றும் புரியாது, காலி டிஸ்க் என்று நினைத்துக் கேட்கிறது. நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். யார் திருடிக்கொண்டு போனாலும் ஒரு படம் பார்க்க முடியாது

பெரியப்பா: திருடனாலும் முடியாது. நம்மாலும் முடியாது

அனு: பெரியப்பா சிக்சர்

மதியம் 3:52
திவ்யா: கீழ் வீட்டு அக்கா போன் செய்தார்கள். கரண்ட் வந்துவிட்டது

முத்து: சாமி

கார்த்தி: லேப்டாப் தானாக ஆன் ஆகாது. பேட்டரி இருந்தவரை அணைந்ததே இல்லை, அதனால் அந்த செட்டிங்கை நான் பார்க்கவே இல்லை. யாராவது போய் பட்டனை அமுக்க வேண்டும்

திவ்யா: சாவி கீழ் வீட்டில்தான். அவர்கள் பையனை அனுப்புகிறேன். எங்கே என்று சொல்லுங்கள்

கார்த்தி: பரணுக்குக் கீழே, கொலு பொம்மைப் பெட்டிக்கு மேலே

திவ்யா: ஆன் பண்ணிவிட்டான். முதலில் ரூட்டரை அணைத்தானாம், அப்புறம் திரும்பப் போட்டுவிட்டான்

கார்த்தி: திடீரென்று அணைந்ததால் டிஸ்க்கைச் சரிபார்க்கிறது. பத்து நிமிடம்

பெரியப்பா: மணி 4:05

மாலை 4:24
கார்த்தி: [ஆவணம்]

கார்த்தி: டாக்குமென்டாகப் போட்டிருக்கிறேன் முத்து. போட்டோவாக மாற்றி அனுப்பிவிடாதே, மறுபடி சுருங்கிவிடும்

முத்து: கடைக்கார அண்ணனிடம் காட்டினேன். மூக்குத்திக் கல் எண்ணலாம் என்கிறார்

சித்தி: தலைமுடி ஈரம்கூடத் தெரிகிறது

கார்த்தி: தேடும்போது ஒன்று பார்த்தேன். "ஆச்சி" என்ற பெயரில் 1,912 படம். அதில் பாதி செல்வி அத்தை. சமீபத்தில் எடுத்த அத்தை படத்தை எல்லாம் அது ஆச்சி என்றே சேர்த்துவிட்டது. இன்று இரவு பிரித்துவிடுகிறேன்

செல்வி அத்தை: இருக்கட்டும் விடு

அனு: அத்தை...

பெரியப்பா: முகம்தான் அம்மா. வாய் அப்பா

செல்வி அத்தை: வரிசையில் மகளைப் போட்டீர்களா அண்ணே

மாலை 4:43
முத்து: கடைக்கார அண்ணன் கேட்கிறார். "மகன்கள், மகள்" என்றா, "மக்கள்" என்றா?

சித்தி: ஞாயிற்றுக்கிழமை எத்தனை இலை என்று யாருமே சொல்லவில்லை

கார்த்தி: பேட்டரி 2,800 ரூபாய் காட்டுகிறது. போடவா?

திவ்யா: இதையும் குழுவில்தான் கேட்பீர்களா

முத்து: பெரியப்பா

முத்து: 4:51 ஆகிவிட்டது

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முத்து: ஐயோ, நான் பார்க்கவில்லை பெரியப்பா. என்ன போட்டீர்கள்?